கடைசி வாரம்: உட்காரவைப்பதா, இறக்குவதா?

2009 டிசம்பர் 27, இண்டியானாபொலிஸ். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் கோல்ட்ஸ் அணி அந்த சீசனில் அதுவரை 14 ஆட்டம் ஆடி 14-லும் ஜெயித்திருந்தது. ஜெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதி, 15-10 என்று முன்னிலை. அந்த நேரத்தில் பயிற்சியாளர் ஜிம் கால்டுவெல், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பேய்ட்டன் மேனிங்கை வெளியே எடுத்துவிட்டார். மேனிங்குக்குக் காயம் ஒன்றும் இல்லை. பிளே-ஆஃப் வரிசையில் முதலிடம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, இனி எதற்கு வீண் ஆபத்து என்பதுதான் கணக்கு. உள்ளே போன புதுப்பையன் கர்ட்டிஸ் பெய்ன்டர் பந்தை நழுவவிட்டார். ஜெட்ஸ் அதை எடுத்து டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) ஆக்கியது. முடிவு 29-15. சொந்த ஊர்க் கூட்டமே கூச்சல் போட்டு விரட்டியது.

பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அந்த ஆட்டம் ஆறவில்லை. ஆனால் கால்டுவெல் செய்தது ஏன் தப்பு என்று கேட்டால், முன்பு சொன்ன பதிலை இப்போது சொல்ல மாட்டேன். "ஆடத்தானே சம்பளம், ஆடட்டுமே" என்ற கட்சியில் ரொம்ப நாள் இருந்தவன் நான். கொஞ்சம் கொஞ்சமாக எதிர்க்கட்சிக்கு நகர்ந்துவிட்டேன், ஒரே ஒரு விலக்கோடு. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. என்எஃப்எல்லில் 32 அணிகள், 18 வாரத்தில் ஆளுக்கு 17 ஆட்டம். 2021க்கு முன்னால் 16 ஆட்டம்தான். இரண்டு கான்பரன்ஸ், அதற்குள் நான்கு நான்கு அணியாக டிவிஷன்கள். ஒவ்வொரு கான்பரன்ஸிலிருந்தும் ஏழு அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகும். அதில் முதலிடத்துக்கு மட்டும் முதல் சுற்று ஆட வேண்டியதில்லை, நேராக இரண்டாம் சுற்று. 2020க்கு முன்னால் ஆறு அணிகள்தான், அந்தச் சலுகை முதல் இரண்டு இடங்களுக்கும் இருந்தது. பிளே-ஆஃபில் ஒரு ஆட்டம் தோற்றால் வீடு. ஐபிஎல் மாதிரி இன்னொரு வாய்ப்பெல்லாம் கிடையாது. அதனால் கடைசி வாரத்துக்கு முன்பே இடம் உறுதியாகிவிட்ட அணிகளின் பயிற்சியாளர்களுக்கு ஒவ்வொரு வருடமும் இந்தத் தலைவலி: மெயின் ஆட்டக்காரர்களை முழுசாக ஆடவிடுவதா, முழுசாக உட்காரவைப்பதா, பாதி ஆட்டம் ஆடவிட்டு எடுத்துவிடுவதா.

இடம் இன்னும் தீராத அணிகளுக்கு இந்தக் கேள்வியே இல்லை. 2025 ஜனவரியில் லயன்ஸும் வைக்கிங்ஸும் ஆளுக்கு 14 வெற்றியோடு கடைசி ஆட்டத்தில் மோதின. ஜெயித்தால் முதலிடம், தோற்றால் ஐந்தாமிடம். அங்கே போய் யாரையாவது உட்காரவைத்தால் பயிற்சியாளருக்கு ஊரில் சோறு கிடைக்காது. லயன்ஸ் 31-9 என்று ஜெயித்தது.

"எல்லாரையும் உட்காரவைத்தார்கள்" என்று செய்தியில் வரும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். ஒரு அணியில் இருப்பது 53 பேர். பயிற்சிக் குழுவிலிருந்து இரண்டு பேரை மேலே கொண்டுவரலாம். ஆட்ட நாளில் 48 பேர் சீருடை போடலாம். ஆக ஏழு பேரைத்தான் முழுமையாக ஒதுக்க முடியும். தாக்குதலுக்கு 11, தற்காப்புக்கு 11 என்று 22 மெயின் ஆட்டக்காரர்கள் இருக்கும்போது ஏழு எந்த மூலைக்கு? முன்வரிசையில் நின்று முட்டிக்கொள்கிற தடியர்களுக்கு மாற்று ஆள் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். உட்காரவைப்பது என்றாலே அது குவார்ட்டர்பேக்குக்கும் பந்தோடு ஓடும் நட்சத்திர ரன்னிங்பேக்குக்கும் வீசிய பந்தைப் பிடிக்கும் ஓரிரு ரிசீவர்களுக்கும்தான். மற்றவர்கள் வழக்கம்போல அடிபட வேண்டியதுதான். இந்த அநியாயத்தை யாரும் பேசுவதில்லை, நானும் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

சரி, முழு மூச்சோடு ஆடுவது. இந்தக் கட்சிக்கு ஒரு பெரிய கோயில் உண்டு: 2007 டிசம்பர் 29. பேட்ரியட்ஸ் 15-0, அதாவது 15 வெற்றி, தோல்வி இல்லை. எதிரே ஜயன்ட்ஸ், அவர்களுக்கு ஐந்தாமிடம் உறுதி, இந்த ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் மாறாது. ஆனாலும் அவர்கள் பயிற்சியாளர் டாம் காஃப்லின் எல்லாரையும் இறக்கினார். குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் நான்கு டச்டவுன் வீசினார். 38-35 என்று பேட்ரியட்ஸ்தான் ஜெயித்தது, 16-0 ஆனது. தோற்ற ஜயன்ட்ஸோ அந்த ஆட்டத்திலிருந்து எழுந்து டாம்பா பே, டாலஸ், கிரீன் பே என்று வரிசையாக வெளியூரில் போய் ஜெயித்து, ஐந்து வாரம் கழித்து இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் அதே பேட்ரியட்ஸை 17-14 என்று வீழ்த்தியது. "அன்று ஆடியதால்தான் நம்மால் இவர்களை அடிக்க முடியும் என்ற நம்பிக்கை வந்தது" என்று இன்றுவரை சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் ரொம்ப நாள் இதுதான் வேதம்.

இதே வழியில் போய்க் கெட்டவர்களின் கதை மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. 2010 ஜனவரி 3, ஹூஸ்டன். பேட்ரியட்ஸ் ஏற்கெனவே டிவிஷனை ஜெயித்தாகிவிட்டது. முதல் கால்பகுதியில் வெஸ் வெல்கர் பந்தைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டித் திரும்பினார். யாரும் இடிக்கவில்லை, தானாகவே முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. அந்த சீசனில் 123 பந்துகள் பிடித்த ஆள். குவார்ட்டர்பேக் டாம் பிரேடி மூன்றாவது முயற்சியில் (பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிதான்) முதலில் தேடும் ஆளே அவர்தான். அடுத்த வாரம் பால்டிமோர் ரேவன்ஸ் வந்து பேட்ரியட்ஸை அவர்கள் மைதானத்திலேயே 33-14 என்று துவைத்துவிட்டுப் போனது. வெல்கர் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா? அன்று ரேவன்ஸ் ஆடிய ஆட்டத்துக்கு, அநேகமாக இல்லை. ஆனால் ஒன்றுக்கும் உதவாத ஓர் ஆட்டத்தில் ஒரு மனிதனின் முழங்கால் போனது போனதுதான்.

அதைவிட மோசம் 2023 ஜனவரி 8. சார்ஜர்ஸ் அணி டென்வரில் ஆட இறங்குவதற்கு முன்பே, வேறொரு ஆட்டத்தின் முடிவு வந்து அவர்களுக்கு ஐந்தாமிடம் என்று தீர்ந்துவிட்டது. பயிற்சியாளர் பிராண்டன் ஸ்டேலி கேட்கவில்லை. மெயின் ஆட்டக்காரர்களை இறக்கினார், குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட்டை நான்காவது கால்பகுதி வரை வைத்திருந்தார். ரிசீவர் மைக் வில்லியம்ஸுக்கு முதுகெலும்பில் முறிவு. ஆட்டமும் 31-28 என்று போனது. ஆறு நாள் கழித்து ஜாக்சன்வில்லில் பிளே-ஆஃப்: 27-0 என்று முன்னிலை பெற்ற பிறகு 31-30 என்று தோற்றார்கள். இரண்டாம் பாதியில் பந்தைப் பிடித்து நேரத்தைக் கரைக்க ஓர் உயரமான ஆள் வேண்டியிருந்த போதெல்லாம், டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் ஒரே பெயர்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

"காயம் எப்போது வேண்டுமானாலும் வரலாமே, முதல் வாரத்திலும் வருமே" என்பார்கள். வரும். முதல் வாரத்தில் அந்த ஆபத்துக்கு ஈடாக ஒரு வெற்றி கிடைக்கும். இடம் தீர்ந்துபோன பதினெட்டாம் வாரத்தில் ஈடாக என்ன கிடைக்கிறது? "வேகம்", "உத்வேகம்" என்கிறார்கள். அதை யாரும் அளந்து காட்டியதில்லை. அளக்க வேண்டுமென்றால் 2009 செயின்ட்ஸை எடுங்கள். முதல் 13 ஆட்டமும் ஜெயித்து, கடைசி மூன்றிலும் தோற்று, அதில் கடைசியில் குவார்ட்டர்பேக் டிரூ பிரீஸை உட்காரவைத்தே தோற்று, பிளே-ஆஃபுக்கு வந்தார்கள். இதைவிட வேகம் இழந்து யாரும் வர முடியாது. வந்தவர்கள் கார்டினல்ஸுக்கு 45 போட்டார்கள், கடைசியில் சூப்பர் பௌலையே தூக்கினார்கள்.

அப்புறம் உட்காரவைக்கும் கட்சி. இவர்களுக்கு எதிராக எப்போதும் நீட்டப்படும் இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று 2011 பேக்கர்ஸ். 14-1 என்று நின்ற அணி கடைசி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸை உட்காரவைத்தது. மாற்று ஆள் மாட் ஃபிளின் 480 யார்டு, ஆறு டச்டவுன் வீசி 45-41 என்று லயன்ஸை ஜெயித்துக்கொடுத்தார். அந்த ஒரு ஆட்டத்தை வைத்தே அடுத்த வருடம் சியாட்டிலில் பெரிய ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு போய், அங்கே ரஸல் வில்சன் என்ற புதுப்பையனிடம் இடத்தை இழந்தார், அது தனிக்கதை. பேக்கர்ஸுக்கு வருவோம். ராட்ஜர்ஸ் கிறிஸ்துமஸ் அன்று ஆடியவர், அடுத்து ஆடியது ஜனவரி 15. மூன்று வாரம். ஜயன்ட்ஸ் வந்து 37-20 என்று முடித்துவிட்டது. ரிசீவர்கள் பிடிக்க வேண்டிய பந்தையெல்லாம் கீழே போட்டார்கள்.

இன்னொரு சாட்சி 2019 ரேவன்ஸ். குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனை உட்காரவைத்தே கடைசி ஆட்டத்தையும் ஜெயித்து 14-2. இருபது நாள் ஆடாமல் இருந்துவிட்டு வந்து டைட்டன்ஸிடம் 28-12 என்று சரிந்தார்கள்.

கை பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று அன்று நானும் சொன்னேன். பிறகு அந்த ஆட்டத்தை நிதானமாகத் திரும்பப் பார்த்தேன். டைட்டன்ஸின் டெரிக் ஹென்றி ரேவன்ஸ் மேல் 195 யார்டு ஓடினார். நான்காவது முயற்சியில் துணிந்து போன நான்கு தடவையும் ரேவன்ஸ் தோற்றது. ஹென்றியைப் பிடிக்க முடியாமல் போனதற்கு ஓய்வு காரணமா? அந்த வருடம் யாரால்தான் அவரைப் பிடிக்க முடிந்தது? நான்கு வருடம் கழித்து அதே ரேவன்ஸ், அதே பயிற்சியாளர் ஜான் ஹார்பா, அதே லமார், மறுபடி கடைசி வாரம் உட்கார்ந்தார்கள். இந்த முறை இரண்டாம் சுற்றில் டெக்சன்ஸை 34-10 என்று அடித்தார்கள். 2024 சீஃப்ஸோ டிசம்பர் 25க்குப் பிறகு மெயின் ஆட்டக்காரர்களை ஜனவரி 18 வரை இறக்கவே இல்லை, 24 நாள். நடுவில் டென்வரில் மாற்று ஆட்களோடு 38-0 என்று கேவலமாகத் தோற்றார்கள். வந்து டெக்சன்ஸை ஜெயித்தார்கள், பில்ஸை ஜெயித்தார்கள், சூப்பர் பௌல் வரை போனார்கள். அங்கே வாங்கிய உதைக்கும் ஜனவரி ஓய்வுக்கும் சம்பந்தமில்லை.

முதலிடத்தில் இருக்கும் அணிக்கு எப்படியும் ஒரு வாரம் சும்மா கிடைக்கிறது, அதனால் அவர்களுக்கு இந்த விவாதம் கொஞ்சம் இழுபறியானது என்று ஒப்புக்கொள்கிறேன். மூன்று வாரம் நீளம்தான். இரண்டு முதல் ஏழு வரை இருக்கும் அணிகளுக்கு எனக்குச் சந்தேகமே இல்லை. இடம் தீர்ந்துவிட்டதா, உட்காருங்கள். லீக் கொடுக்காத ஓய்வு வாரத்தை நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்கிறீர்கள். 2023 சீஃப்ஸ் மூன்றாமிடத்தில் நின்று அதைத்தான் செய்தது. டிராவிஸ் கெல்சி பந்தைப் பிடித்து 984 யார்டு எடுத்திருந்தார், இன்னும் 16 யார்டு எடுத்திருந்தால் தொடர்ந்து எட்டாவது வருடமாக ஆயிரம். ஒரே பந்தில் முடிகிற வேலை. உட்கார்ந்தார். ஒரு மாதம் கழித்து சூப்பர் பௌல் கோப்பை. ராம்ஸ் அடுத்த வருடம் மூன்றா நான்கா என்பது தீராதபோதே குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்டை உட்காரவைத்து, சீஹாக்ஸிடம் தோற்று, நான்காமிடம் போதும் என்று எடுத்துக்கொண்டது. வந்தது 14 ஆட்டம் ஜெயித்த வைக்கிங்ஸ். முந்தைய வாரம் முழு மூச்சாக ஆடிவிட்டு வந்த அந்த அணியை 27-9 என்று அனுப்பிவைத்தார்கள்.

இதில் எனக்கு அதிகம் உறுத்தியது ரன்னிங்பேக் சேக்வான் பார்க்லி விஷயம்தான். 2024ல் ஈகிள்ஸுக்காக 16 ஆட்டத்தில் 2005 யார்டு ஓடியிருந்தார். ஒரே சீசனில் அதிகம் ஓடிய சாதனை எரிக் டிக்கர்சனுடையது: 2105 யார்டு, 1984. நாற்பது வருடமாக யாரும் தொடவில்லை. பார்க்லிக்கு ஓர் ஆட்டம் பாக்கி, 101 யார்டு தேவை. எதிரணி யார் தெரியுமா? அவரைப் போகவிட்ட ஜயன்ட்ஸ். ஆட்டம் பிலடெல்பியாவில், சொந்த மைதானத்தில். கதை எழுதுகிறவன்கூட இப்படி அமைக்கத் தயங்குவான். ஈகிள்ஸுக்கோ இரண்டாமிடம் தீர்ந்துவிட்டது. பயிற்சியாளர் நிக் சிரியானி பார்க்லியை உட்காரவைத்தார்.

அன்று எனக்குக் கோபம்தான். பேர் சொல்லும் ஒரு நாளை ஒரு ரசிகனிடமிருந்து பிடுங்கிவிட்டார்களே என்று. பிறகு யோசித்தால் இரண்டு விஷயம் பட்டது. டிக்கர்சன் 2105 எடுத்தது 16 ஆட்டத்தில்; பார்க்லி பதினேழாவது ஆட்டத்தில் அதைத் தாண்டியிருந்தால் ஆயுசுக்கும் "ஆனால் ஒரு ஆட்டம் கூடுதலாச்சே" என்ற வால் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கும். இரண்டாவது, அந்த 101 யார்டுக்கு இருபத்தைந்து தடவை பந்தைக் கையில் கொடுக்க வேண்டும், இருபத்தைந்து தடவை யாராவது முழங்காலில் வந்து விழுவார்கள். இரண்டு வாரம் கழித்து பனி கொட்டிய மைதானத்தில் ராம்ஸுக்கு எதிராகப் பார்க்லி 205 யார்டு ஓடினார். ஈகிள்ஸ் ஜெயித்தது வெறும் 28-22. அந்தக் கால்கள் புதுசாக இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஆட்டம் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிளே-ஆஃபையும் சேர்த்து 2504 யார்டு. அந்தக் கணக்கில் இதுவரை யாரும் அவ்வளவு ஓடியதில்லை. பிப்ரவரி 9, சூப்பர் பௌல் ஜெயித்த அன்று அவருக்கு 28வது பிறந்தநாள்.

டிக்கெட் வாங்கியவன் கதி என்ன என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கொடுத்த காசு போச்சு என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொரு முறையீடு, "மற்ற அணிகளுக்கு அநியாயம்" என்பது. டென்வருக்கு சீஃப்ஸ் விட்டுக்கொடுத்த அந்த 38-0 ஆட்டத்தால் சின்சினாட்டி பெங்கால்ஸ் வெளியே போனது. கடைசி ஐந்து ஆட்டமும் ஜெயித்த அணி, ஜமார் சேஸ் பிடித்த பந்து, யார்டு, டச்டவுன் மூன்றிலும் முதலிடம், இருந்தும் பிளே-ஆஃப் இல்லை. பாவம்தான். ஆனால் முதல் 12 ஆட்டத்தில் எட்டில் தோற்றுவிட்டு, கடைசி நாளில் அடுத்த வீட்டுக்காரன் காப்பாற்றுவான் என்று நின்றால் எப்படி? அடுத்தவர் தலையெழுத்து சீஃப்ஸ் பயிற்சியாளர் ஆண்டி ரீடின் வேலை இல்லை. 2010 முதல் கடைசி வார ஆட்டங்களை எல்லாம் ஒரே டிவிஷன் அணிகளுக்குள்ளேயே வைக்கிறார்கள். லீக்கால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது மூன்றாவது வழி, பாதி ஆட்டம். இரண்டு கட்சிக்காரர்களும் சமாதானத்துக்குச் சொல்வது இதுதான், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காததும் இதுதான். முதல் பாதியில் முழங்கால் போகாதா? வெல்கருக்குப் போனது முதல் கால்பகுதியில். ஆபத்தையும் முழுசாக வாங்கிக்கொண்டு, வெற்றியையும் பாதியில் விட்டுவிட்டு வருவது என்ன வியாபாரம்? ஒரே ஒரு இடத்தில் இதை ஒப்புக்கொள்வேன். குவார்ட்டர்பேக் புதுசு என்றால் பழக்கம் வேண்டும். 2017ல் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் போய், ஈகிள்ஸ் நிக் ஃபோல்ஸை நம்ப வேண்டி வந்தது. கடைசி ஆட்டத்தில் கொஞ்ச நேரம் இறக்கிப் பார்த்தார்கள். சொதப்பினார், கவ்பாய்ஸிடம் 6-0 என்று தோற்றார்கள். ஐந்து வாரம் கழித்து அதே ஃபோல்ஸ் சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர்.

ஆக, என் ஓட்டு இப்படி: இடம் தீர்ந்துவிட்டால் முழுசாக உட்காரவைக்க வேண்டும். முதலிடம் என்றாலும் அப்படியே, கொஞ்சம் தயக்கத்தோடு. பாதி ஆட்டம், குவார்ட்டர்பேக் புதுசாக இருந்தால் தவிர, வேண்டவே வேண்டாம். முழுசாக ஆட விலக்கு ஒன்றுதான்: ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. அங்கே அந்த ஆட்டம் ஒன்றுக்கும் உதவாதது என்ற பேச்சுக்கே இடமில்லை. சூப்பர் பௌலை ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் ஜெயிக்கிறார்கள். ஒரு ஆட்டமும் தோற்காமல் கோப்பை வரை போனது 1972 மயாமி டால்ஃபின்ஸ் மட்டும்தான். 2007 பேட்ரியட்ஸ் சூப்பர் பௌலில் தோற்றாலும், 16-0 என்று இன்றைக்கும் பெயர் சொல்கிறோம்.

அதனால்தான் கோல்ட்ஸ் மேல் இன்னும் ஆறாத கோபம். அவர்கள் கதவைத் திறந்துவிட, ஜெட்ஸ் அடுத்த வாரம் பெங்கால்ஸை 37-0 என்று அடித்து பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது, இரண்டு சுற்று ஜெயித்து, கான்பரன்ஸ் இறுதிக்கு வந்து நின்றது. எதிரே கோல்ட்ஸ். கோல்ட்ஸ் 30-17 என்று ஜெயித்தது. ஆனால் அந்த ஆட்டத்தில்தான் கோல்ட்ஸின் தற்காப்பு ஆட்டக்காரர் டுவைட் ஃப்ரீனியின் கணுக்கால் தசைநார் கிழிந்தது. அடிபட்ட காலோடு சூப்பர் பௌலில் பாதி ஆட்டம் தாக்குப்பிடித்தார், பிறகு முடியவில்லை, செயின்ட்ஸ் 31-17.

நடுவில் 2010 ஜனவரி 3 அன்று பஃபலோவில் இன்னொரு ஆட்டம் இருந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. 14-1 ஆகிவிட்ட கோல்ட்ஸுக்கு இனி அங்கே எடுக்க எதுவும் இல்லை. ஆனாலும் ரெஜி வெய்னையும் டல்லஸ் கிளார்க்கையும் அந்தப் பனியில் இறக்கினார்கள். இருவருக்கும் 100 கேட்ச் நிறைய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்ததாம்.